லூமிர் செய்த எலி அடுக்கு

கர்வினா என்ற சுரங்க ஊருக்கு வெளியே, நிலக்கரி ரயில் ஓடிய பழைய தண்டவாளத்தை ஒட்டிய தெருவில், லூமிர் வஷூத்தின் வீடு தெற்கே சாய்ந்து நின்றது. அடியில் கரியை எடுத்து எடுத்து நிலம் இறங்கிப்போன தெரு அது. சமையலறையில் ஒரு உருளைக்கிழங்கு கை தவறி விழுந்தால் ஜன்னல் சுவரில் போய்த்தான் நிற்கும். "நானே தோண்டி நானே சாச்ச வீடு, யாரைப் போய்க் கேக்கறது?" என்பான் லூமிர். முப்பத்தொரு வருடம் நிலத்துக்கு அடியில் பம்பும் குழாயும் பழுது பார்த்தவன். கடைசிப் பத்து வருடம் மேஸ்திரி.

சுரங்கத்தை மூடியபோது அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. நுரையீரலில் தூசி படிந்திருந்ததால் ஓய்வூதியம் தடையில்லாமல் வந்தது. வேலைதான் இல்லை. முதல் குளிர்காலத்தில் வீட்டில் இருந்த எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போட்டான், எல்லாக் குழாய்க்கும் வாஷர் மாற்றினான். ஜனவரி முடிவதற்குள் பழுது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, மேஜைமுன் உட்கார்ந்து, காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மனைவி ஒதீலியா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து மூன்று மணிக்கு வரும்போதும் அதே நாற்காலியில் இருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் ஹினெக் வந்தான். லூமிரின் கீழே கையாளாக வேலை செய்தவன், முப்பத்தைந்து வயது. சுரங்கம் மூடியதும் பஸ் ஓட்டப் போய்விட்டான். அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி வீட்டில் பதினாலு மலைப்பாம்பு வளர்த்தான். மலைப்பாம்பை வாங்குவது பெரிய காரியமில்லை, அதற்குத் தீனி போடுவதுதான் காரியம்.

"மேஸ்திரி, நீங்க எலி வளக்கலாமே," என்றான் ஹினெக். "போலந்துலேருந்து வர எலி பாதி நாள் வர்றதே இல்ல. எனக்கு மட்டும் இல்ல, இந்த ஊர்ல பாம்பு வச்சிருக்கறவன் இருபது பேர் இருக்கான். எல்லாரும் உங்ககிட்டயே வாங்கிப்போம்."

"கீழ முப்பது வருஷம் எலியோட ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்னேன். இப்ப அதை வீட்டுக்கு வேற கூப்பிடணுமா?"

"அது கரி எலி, மேஸ்திரி. இது வெள்ளை எலி. வீட்டுப் பொண்ணு மாதிரி சாதுவா இருக்கும்."

அடுப்படியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஒதீலியா திரும்பிப் பார்க்கவில்லை. "எந்த வீட்டுப் பொண்ணுக்குடா அவ்வளவு நீளமா வாலு இருக்கு?" என்றாள்.

ஆனால் ஹினெக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். எலிகள் இருக்கும் அடுக்கு. அதைப் பார்த்ததும் லூமிர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். அவனுக்கு எலி கண்ணில் படவில்லை. சட்டம் எப்படி நிற்கிறது, தண்ணீர் எப்படி இறங்குகிறது என்றுதான் பார்த்தான். "இதை யாரு செஞ்சான்? வெல்டிங் பிச்சைக்காரத்தனமா இருக்கே," என்றான். ஒதீலியா கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் ஒரு பொருளைப் பற்றிப் பேசியது அன்றுதான். "வளக்கறதுன்னா முயல் கொட்டாய்ல வளத்துக்க. வீட்டுக்குள்ள வந்துது, உன்னையும் சேத்து வெளிய தள்ளிடுவேன்," என்று மட்டும் சொன்னாள்.

பழைய இரும்புக் கடையிலிருந்து சுரங்கக் கிடங்கின் அலமாரிச் சட்டங்களை வாங்கி வந்தான். ஆங்கிள் பட்டைகளை அறுத்து, ஐந்து தட்டு, தட்டுக்கு மூன்று தொட்டி என்று கணக்குப் போட்டான். தொட்டிகள் கொத்தனார் சாந்து குழைக்கும் கறுப்புத் தொட்டிகள். எலி பல்லுக்குத் தாங்கும், ஒன்று கெட்டால் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒவ்வொரு தட்டின் அடியிலும் கம்பி வலையை இறுக்கிக் கட்டினான். தொட்டியை இழுப்பறை மாதிரி வலைக்குக் கீழே தள்ளினால் வலையே மூடியாகிவிடும். விளிம்புக்கும் வலைக்கும் நடுவே ஒரு காசு நுழையும் இடம்தான் இருக்கலாம். கூடினால் எலி பல்லை நுழைத்து விளிம்பைக் கடித்துத் திறந்துவிடும். மேலே தண்ணீர்க் கேன், அதிலிருந்து மெல்லிய டியூப், ஒவ்வொரு தொட்டிக்கும் எலி நாக்கால் தொட்டால் சொட்டு விடும் ஒரு நிப்பிள். மூன்று வாரம் கொட்டாயில் அறுப்பதும் ராவுவதுமாகச் சத்தம் கேட்டபடி இருந்தது. ஒதீலியா சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவ்வளவு கவனமாகச் செய்தும் ஒரு இடத்தில் சறுக்கினான். அடுக்கைச் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்தினான். சுவர் சாய்ந்திருந்ததால் அடுக்கும் சாய்ந்தது. முப்பது வருடமாகச் சாய்ந்த வீட்டிலேயே வாழ்ந்த கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிந்தது. ஹினெக் கொண்டுவந்து கொடுத்த எலிகள் முதல் ஈற்று போட்ட மறுவாரம், தெற்கு ஓரத் தொட்டியை இழுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். நிப்பிள் சாய்ந்து ஒழுகி மரச்சீவல் முழுக்க நீர். பதினோரு குட்டிகள், இன்னும் கண் திறக்காதவை, மூலையில் விறைத்துக் கிடந்தன. தாய் எலி ஒவ்வொன்றாக வாயில் கவ்வி எடுத்து உலர்ந்த இடம் தேடி, இடம் கிடைக்காமல் அதே ஈரத்தில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தது.

அன்று லூமிர் ரசமட்டத்தை எடுத்து வந்தான். ஒரு மீட்டருக்கு இரண்டு விரல் இறக்கம் காட்டியது. தெற்குக் கால்களுக்கு அடியில் கருவேலக் கட்டைகளைச் செதுக்கிக் கொடுத்து அடுக்கை நேராக்கினான். இப்போது உண்மையில் நேராக நின்ற அடுக்கு பார்ப்பவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தது. "விழுந்துடப் போவுது," என்றாள் ஒதீலியா. "கொட்டாய்தான் விழும். இது நிக்கும்," என்றான்.

நின்றது. ஆடாமல் நின்றது. கோடை முடிவதற்குள் பதினைந்து தொட்டியும் நிறைந்தது. ஒரு கடுவனுக்கு நாலு பெட்டை, மூன்று வாரத்தில் ஈற்று, நாலு வாரத்தில் குட்டி பிரிப்பு. ஒவ்வொரு தொட்டியின் முகத்திலும் சாக்குக்கட்டியால் தேதி எழுதினான். தூசி முகமூடி போட்டுக்கொண்டு சீவல் மாற்றினான். ஒதீலியா மூக்கைப் பிடித்துக்கொண்டாலும், பழைய ரொட்டி ஓரங்களைப் பள்ளியிலிருந்து பையில் கட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் நாற்காலியை விட்டு எழுந்திருந்தான்; அதற்கு எலி நாற்றத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், ஹினெக் சாராயக்கடைக்காரரிடமிருந்து ஒரு சிலிண்டரையும், மூடியில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொண்டுவந்தான். பீருக்கு நுரை ஏற்றும் வாயு. பாம்பு வளர்ப்பவர்கள் எலியை உயிரோடு போடுவதில்லை. எலி திருப்பிக் கடித்தால் பாம்புக்குக் காயம். கொன்று, ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுப்பார்கள்.

"இதுல என்ன வாயு?" என்று கேட்டான் லூமிர், தெரிந்தே.

"கரியமில வாயு, மேஸ்திரி. கழுத்தைத் திருகற வேலையே இல்ல. வலியே கிடையாது. சும்மா தூங்கிப்போயிடும்."

ஹினெக் எட்டு எலியைக் கண்ணாடித் தொட்டியில் விட்டான். குழாயைச் சொருகி, திருகைத் தாராளமாகத் திறந்தான். கனமான வாயு அடியிலிருந்து ஏறியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எலிகளுக்குத் தெரிந்தது. எட்டும் ஒரே நேரத்தில் பின்னங்காலில் எழுந்தன. மூக்கை மேலே நீட்டி, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, மூடியின் ஓட்டையைத் தேடின. வாய்கள் திறந்து திறந்து மூடின. கண்ணாடியில் சின்னச் சின்ன விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன.

லூமிர் வெளியே போய் விறகு பிளக்கும் கட்டைமேல் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஹினெக் எட்டிப் பார்த்தான். "என்ன மேஸ்திரி, முகம் இப்படி வெளுத்துப்போச்சு? கிறிஸ்துமஸுக்கு முயல் கறி மட்டும் இறங்குதா?"

"நீ வீட்டுக்குப் போடா," என்றான் லூமிர்.

அவன் கண்ணில் நின்றது எலி இல்லை, ப்ரோனெக்.

ப்ரோனெக் சிகோரா அவனோடு பதினேழு வருடம் ஜோடியாக வேலை செய்தவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், கைவிட்ட ஒரு பாதையின் கோடியில், தண்ணீர்க்குழிப் பம்பு அடைத்துக்கொண்டதென்று இருவரும் போனார்கள். ப்ரோனெக் இரும்பு ஏணியில் குழிக்குள் இறங்கினான். லூமிர் மேலே நின்று சாமான் பையைப் பிடித்திருந்தான். கரியமில வாயு கலந்து பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும் காற்றைச் சுரங்கத்தில் செத்த காற்று என்பார்கள். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சுக்கு உதவாது. ஒருவன் விழுந்தால் இன்னொருவன் இறங்கக்கூடாது, மேலே ஓடி மீட்புக்குழுவைக் கூப்பிட வேண்டும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி. இறங்கினவர்கள் இரட்டைப் பிணமாக வந்ததைப் பார்த்துச் செய்த விதி. லூமிர் இறங்கவில்லை. தொலைபேசிக்கு ஓடினான். மீட்புக்குழு வர நாற்பது நிமிடம் ஆயிற்று.

விசாரணையில் அவன் சொன்னது இவ்வளவுதான். "இறங்கின உடனே விழுந்துட்டான். ஒண்ணும் உணர்ந்திருக்க மாட்டான்." ப்ரோனெக்கின் மனைவி ஹெலாவிடமும் அதையே சொன்னான். "தூங்கற மாதிரி இருந்தான் ஹெலா." ஹெலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இறங்காம இருந்தது நல்லது. ஒதீலியாவுக்காவது நீ மிஞ்சினயே," என்றாள்.

நடந்தது வேறு. ப்ரோனெக் கீழே போய்க் குனிந்தான், தடுமாறினான், உடனே புரிந்துகொண்டான். ஏணியைப் பிடித்து இரண்டு படி திரும்ப ஏறினான். அதற்கு மேல் கால் வரவில்லை. முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடினான். தலைவிளக்கு வெளிச்சம் நேராக லூமிரின் கண்ணில் அடித்தது. ஒரு கையை நீட்டினான். லூமிர் குப்புறப் படுத்துத் தன் கையை இறக்கினான். ஒரு சாண் தூரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் சரிந்தால் எட்டும். அப்போது தலை சுற்றியது, கண் இருண்டது, லூமிர் கையை இழுத்துக்கொண்டான். எழுந்து ஓடவும் இல்லை உடனே. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று, அந்த விரல்கள் ஏணிப்படியில் வழுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில், சூப்பைத் தொடாமல், இதை ஒதீலியாவிடம் சொன்னான். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம். எங்கிட்டக்கூட சொல்லலியே," என்றாள் கடைசியில்.

"ஹெலாகிட்ட சொல்லணும்."

"வேண்டாம்."

"அவகிட்ட பொய் சொல்லியிருக்கேன், ஒதீலியா."

"சொல்லிட்டே, முடிஞ்சு போச்சு. இப்ப உண்மையைச் சொன்னா யாருக்கு நல்லது? உன் நெஞ்சு லேசாவும். அவளுக்கு? அவ அதை எங்க கொண்டுபோய் வைப்பா?"

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த பிறகு லூமிர், நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, நாலு தெரு தள்ளியிருந்த ஹெலாவின் வீட்டுக்குப் போனான்.

ஹெலா கசகசா கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். மகள் வெளிநாட்டில், பிரேமன் நகரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்தால் ஹெலாவுக்குச் சந்தோஷம். லூமிர் எலி வளர்ப்பதில் ஆரம்பித்தான். அடுக்கு, தொட்டி, சிலிண்டர். ஹெலா தலையாட்டிக் கேட்டாள். அப்புறம் எலிகள் கண்ணாடியில் எழுந்து நின்றதைச் சொன்னான். அப்புறம் ஏணியைச் சொன்னான். நீட்டிய கையையும், தான் இழுத்துக்கொண்ட கையையும் சொன்னான்.

ஹெலா நெடுநேரம் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எலியைப் பாத்ததும் என் புருஷன் ஞாபகம் வந்துச்சா உனக்கு?" என்றாள்.

"ஹெலா..."

"பொண்ணு கல்யாணத்தன்னிக்கு அவ அழுதப்ப என்ன சொன்னேன் தெரியுமா? அப்பா தூக்கத்துல போனார்டி, நோவு இல்லாம போனார்னு சொன்னேன். ஒன்பது வருஷமா ராத்திரி நான் கண்ணை மூடறதே அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். நீ குடுத்த வார்த்தை. இப்ப திரும்ப வாங்கிக்க வந்திருக்கே."

"மன்னிப்புக் கேக்கத்தான்..."

"எந்திரி. கேக்கைத் தின்னுட்டே இல்ல? எந்திரி."

வாசலில் அவன் தொப்பியைத் தேடினான். அவளே எடுத்து அவன் மார்பில் அழுத்தினாள். கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு லூமிர் ஒரு வாரம் கொட்டாய்ப் பக்கம் போகவில்லை. ஒதீலியாதான் தண்ணீர் ஊற்றினாள். "நான் சொன்னேன்" என்று அவள் ஒரு தரமும் சொல்லவில்லை. எட்டாம் நாள் எழுந்துபோய், வெல்டிங் சாமான் பெட்டியிலிருந்து, கண்ணாடிக் குழாய்க்குள் குண்டு மிதந்து வாயுவின் அளவைக் காட்டும் ஒரு ரெகுலேட்டரைத் தேடி எடுத்தான். தொட்டியின் கொள்ளளவை அளந்தான். வாயு எவ்வளவு மெதுவாக ஏறினால் எலிக்கு மூச்சுத் திணறுவதற்கு முன் மயக்கம் வரும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டான். விலங்கு மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டான். குழாயை மூடியிலிருந்து எடுத்து, பஞ்சு அடைத்து, அடியில் பரவும்படி பொருத்தினான். கொல்வதை நிறுத்த முடியாது. எலி பெருகிக்கொண்டே இருந்தது. அதைச் சரியாகச் செய்யலாம் என்பது மட்டும் அவன் கையில் இருந்தது.

அடுத்த முறை எலிகள் கொஞ்ச நேரம் மரச்சீவலை மோந்துகொண்டு நடந்தன. ஒன்றிரண்டு மூக்கைத் தூக்கின. பிறகு நடை தளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, படுத்தன. எதுவும் எழுந்து நிற்கவில்லை. லூமிர் கடைசி வரைக்கும் பார்த்தான்.

நவம்பரில், இறந்தவர்கள் நினைவுநாள் கழிந்த மறுநாள் சாயங்காலம், ஹெலா வந்தாள். கறுப்புக் கோட்டு, கையில், ப்ரோனெக்கின் கல்லறையில் எரிந்து முடிந்த விளக்குகளை எடுத்துப்போட்ட பை. வாசலில் நின்ற ஒதீலியாவைத் தாண்டி நேராகக் கொட்டாய்க்குப் போனாள். லூமிர் சீவல் கொட்டிக்கொண்டிருந்தான்.

"காட்டு," என்றாள்.

"எதை?"

"அன்னிக்குச் சொன்னியே, அதை. நான் பாக்கணும்."

"ஹெலா, இது நீ பாக்கற விஷயம் இல்ல."

"என் புருஷன் எப்படிச் செத்தான்னு எலியைக் காட்டிச் சொன்னது நீ. இப்ப காட்டு."

பின்னாலேயே வந்த ஒதீலியா, "ஹெலா, உள்ள வா, காபி போடறேன்," என்று தோளைத் தொட்டாள். ஹெலா தோளை உதறினாள்.

லூமிர் நான்கு எலியை எடுத்துத் தொட்டியில் விட்டான். ரெகுலேட்டரைத் திறந்தான், குண்டு குழாய்க்குள் மெல்ல எழுந்து நின்றது. ஹெலா கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். எலிகள் நடந்தன. ஒன்று முகம் கழுவிக்கொண்டது. ஒன்று சோம்பலாகத் திரும்பி, மற்றொன்றின் முதுகில் தாடையை வைத்தது. மூச்சு மெலிந்தது. நான்கும் அசைவில்லாமல் கிடந்தபோதும் ஹெலா எழுந்திருக்கவில்லை.

"இதுதானா?" என்றாள்.

லூமிர் வாயைத் திறந்தான். இது நான் மாற்றியமைத்தது, முதல் நாள் இப்படி இல்லை, குழிக்குள்ளும் இப்படி இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"தூங்குதுங்க," என்றாள் ஹெலா. அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "பாரு, தூங்குதுங்க. நீ பயந்துபோய் மேல இருந்து பாத்திருக்கே. அவன் விளக்கு உன் கண்ணுலயே அடிச்சுதுன்னு நீதானே சொன்னே? அந்த வெளிச்சத்துல உனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? அவன் கையைத் தூக்கினது தூக்கத்துல தூக்கினதா இருக்கும். இருக்காதா?"

ஒதீலியா கதவருகில் நின்று கணவனைப் பார்த்தாள்.

"இருக்கலாம், ஹெலா," என்றான் லூமிர். "கண்ணு கூசிப்போச்சு. நான் சரியாப் பாக்கல."

ஹெலா எழுந்து முழங்காலில் ஒட்டிய சீவலைத் தட்டிவிட்டாள். "அன்னிக்கு உன்னைத் துரத்தியிருக்கக் கூடாது," என்றாள். ஒதீலியாவோடு போய்க் காபி குடித்தாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சாப்பிட வரச் சொன்னாள்.

அவள் போன பிறகு ஒதீலியா கொட்டாய்க்கு வந்தாள். லூமிர் எலிகளைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இதுக்கு நீ போகாமலே இருந்திருக்கலாம்," என்றாள்.

"ஆமா."

"இப்ப எப்படி இருக்கு உனக்கு?"

"முன்ன மாதிரிதான்," என்றான். பையின் முடிச்சை இறுக்கி, "முன்னயாவது அவ கேக்காம சொன்ன பொய். இது அவ நேருக்கு நேரா கேட்டும் சொன்ன பொய்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெலா வீட்டுக்குப் போனார்கள். லூமிர் வறுத்த வாத்தைத் தின்றான், அவள் பிரேமன் மகளைப் பற்றிச் சொல்வதைக் கேட்டான், ப்ரோனெக்கின் பெயர் வரும்போது தட்டைப் பார்த்தான். அடுக்கு மூன்று வருடம் ஓடியது. மூன்றாம் வருடம் அவனுக்கு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. எலி மூத்திரத்தின் நெடி தூசி படிந்த நுரையீரலுக்கு விஷம் என்று மருத்துவர் திட்டினார். முகமூடி போட்டுக்கொள்கிறேன் என்றான். பிப்ரவரி மாதம், ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருக்க, மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்த வாக்கிலேயே போய்ச் சேர்ந்தான். படுத்தால் மூச்சு வரவில்லை. கடைசி இரண்டு நாளும் முகத்தை மேலே தூக்கியபடியே இருந்தான். ஒதீலியா பக்கத்தில் இருந்தாள். அவள் கையை அவன் பிடித்திருந்தான். கடைசி வரைக்கும் அவள் அதை எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து, வழக்கப்படி சாராயக்கடையில் எல்லோரும் சூப் குடிக்கும்போது, ஹெலா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிப் போனான்?" என்று கேட்டாள்.

ஒதீலியா ரொட்டியைப் பிய்த்தாள்.

"கஷ்டப்பட்டுத்தான் போனான்," என்றாள்.

ஹெலா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இருவரும் சூப்பை முடித்தார்கள்.

எலிகளையும் அடுக்கையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஹினெக் கேட்டபோது, ஒதீலியா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஒரு மாதம் கழித்து, ஆறு தொட்டி போதும், மிச்சத்தை எடுத்துக்கொண்டு போ என்றாள். பள்ளியிலிருந்து வந்ததும் கொட்டாய்க்குப் போய்த் தண்ணீர்க் கேனை நிரப்பி, தொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தேதி எழுதிவிட்டு வருவாள். ஹினெக் சனிக்கிழமைதோறும் வந்து வாங்கிக்கொண்டு போகிறான்.